தையல், பூவேலை, ஒட்டுத்துணிப் போர்வை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் சனிக்கிழமை பிற்பகல்களில் நாங்கள் சிலர் கூடித் தைக்கிறோம். கைப்பூவேலை, குறுக்குத் தையல் (கிராஸ் ஸ்டிட்ச்), துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் ஒட்டுத்துணி, பழைய நாட்டுப்புற வீடுகளில் இருக்குமே அந்த மாதிரி மேசை விரிப்பு, தலையணை உறை, இப்படி. புதிதாக வருகிறவர்களும் வாட்ஸ்அப்பில் எழுதுகிறவர்களும் கோயில் சாப்பாட்டு வரிசையில் பிடித்து நிறுத்திக் கேட்கிறவர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

அக்கா, நான் ஊசியே பிடிச்சதில்ல. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

ஒரு வெள்ளைக் கைக்குட்டையிலிருந்து. நான்கு தையல் போதும்: ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டுவது), காம்புத் தையல், சங்கிலித் தையல், முடிச்சுத் தையல். இந்த நான்கை வைத்தே ஒரு செடி, நாலு பூ, ஒரு பெயர் எல்லாம் போட்டுவிடலாம். யூடியூபில் நூறு தையல் என்று காட்டுவார்கள். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம்.

எல்லாரும் தடுமாறும் இடம் முடிச்சுத் தையல். நூலை ஊசியில் இரண்டு சுற்று சுற்றுங்கள். மேலே வந்த அதே துளையில் ஊசியை இறக்கினால் முடிச்சு பின்பக்கம் நழுவிப் போய்விடும். ஓரிரண்டு இழை தள்ளி இறக்குங்கள். ஊசி முழுக்க உள்ளே போகும்வரை இடது கை நூலை இழுத்துப் பிடித்தபடியே இருக்க வேண்டும். சூட்சுமம் முழுக்க அந்த இடது கையில்தான்.

சாமான் என்னென்ன வேணும்? பேசாம ஒரு கிட் வாங்கிடவா?

முதல் தடவை கிட் வேண்டாம் என்பேன். அதில் வரும் நூல் சில நேரம் பிசுபிசுவென்று பிரியும், ஊசி மொக்கையாக இருக்கும், படமோ ஆரம்பிக்கிறவருக்குப் பெரிதாக இருக்கும். துணியை இறுக்கிப் பிடிக்க ஆறு அங்குல வளையம் ஒன்று, கூர்முனை எம்பிராய்டரி ஊசிப் பொட்டலம் ஒன்று, நூல் ஐந்து நிறம், சின்னக் கூர்க் கத்தரி. அவ்வளவுதான். துணிக்கு வீட்டில் கிழிந்த பருத்திப் படுக்கை விரிப்பு இருக்கும்.

நூலுக்கு மட்டும் கொஞ்சம் செலவழியுங்கள். டிஎம்சி, ஆங்கர் என்ற இரண்டு கம்பெனி நூலும் சாயம் போகாமல் நிற்கும். இரண்டுக்கும் நிற எண் வேறு வேறு. டிஎம்சியில் கறுப்பு 310, ஆங்கரில் 403. தையல் வரைபடத்தில் எந்தக் கம்பெனி எண் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கோலாலம்பூர்ல துணி எங்க வாங்குறது? மஸ்ஜிட் இந்தியா பக்கம் போனாலே தலை சுத்துது.

சுற்றத்தான் செய்யும். எல்ஆர்டி ரயிலில் மஸ்ஜிட் ஜாமெக்கிலோ பண்டாராயாவிலோ இறங்கி, ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் நடந்தால் இரு பக்கமும் துணிக்கடைதான். காலையில் கடை திறந்ததும் போங்கள். சனிக்கிழமை மாலை பக்கத்து லோரோங்கில் (சந்தில்) பசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை, போட்டுவிடுவார்கள், அப்போது துணியை விரித்துப் பார்க்கக்கூட இடம் இருக்காது. நோன்புப் பெருநாளுக்கு முந்தைய வாரங்களில் அந்தப் பக்கமே தலை வைக்காதீர்கள்.

கேட்கும்போது அகலத்தையும் கேளுங்கள். பருத்தி பெரும்பாலும் 44, 45 அங்குல அகலத்தில் வரும். மற்ற பல துணிகள் 58, 60. ஒரு மீட்டர் என்று வாங்கிவந்து வீட்டில் போதவில்லை என்று நிற்பவர்கள் அகலம் கேட்காதவர்கள்தான். சில கடைகளில் விலை மீட்டருக்கு, சில கடைகளில் கெஜத்துக்கு. கெஜம் என்றால் 91 சென்டிமீட்டர்தான், விலையை ஒப்பிடும்போது அதை மறக்காதீர்கள்.

ஒட்டுத்துணி வேலைக்குப் புதுத்துணி வாங்குவதே வீண். பக்கத்துத் தையல்காரரிடம் 'காயின் பெர்ச்சா' இருக்கிறதா என்று கேளுங்கள். பாஜு கூரோங் எனும் மலாய் உடைக்கு வெட்டி மிஞ்சிய துண்டுகளை மூட்டையாகவே கொடுத்துவிடுவார்கள்.

கடைக்காரர் காட்டன்னு அடிச்சு சொல்றாரு. நம்பலாமா?

நம்பலாம், சோதித்த பிறகு. 'ஜப்பான் காட்டன்', 'இங்கிலீஷ் காட்டன்' என்று சுருளில் எழுதியிருப்பது பாதி நேரம் அச்சுப் பாணியைத்தான் சொல்கிறது. ஓரத்திலிருந்து நாலைந்து இழை உருவி, இடுக்கியில் பிடித்து, வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகும், கறுப்பாகக் கடினமான மணி ஒன்று மிஞ்சும். கலப்புத் துணியில் இரண்டும் தெரியும்.

ஏன் இவ்வளவு பாடு? பாலியஸ்டரில் மடிப்பு நிற்காது. இஸ்திரி போட்டு அழுத்திய விளிம்பு ஐந்து நிமிடத்தில் எழுந்துகொள்ளும். ஒட்டுத்துணிக்கு அது சரிப்படாது. சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது இந்தச் சோதனை வேண்டாம்.

நூல் ஆறு இழையா இருக்கே, அப்படியே போடணுமா?

அப்படியே போட்டால் கயிறு மாதிரி தடிக்கும். பூவேலைக்கு இரண்டு அல்லது மூன்று இழை, மெல்லிய கோட்டுக்கு ஒன்று. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரு நீளம் வெட்டிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நீளமானால் சிக்கும், நூலும் தேயும். ஆறு இழையையும் ஒரேயடியாகப் பிரிக்காதீர்கள். ஒரு இழையை மட்டும் பிடித்து மேலே உருவினால் மற்றதெல்லாம் கீழே சுருண்டு இறங்கும், சிக்கல் விழாது. பிறகு வேண்டிய இழைகளைச் சேர்த்து ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள்.

குறுக்குத் தையலுக்கு ஐடா 14, 16, 18னு போட்டிருக்கே, அது என்ன கணக்கு?

ஐடா என்பது கட்டம் கட்டமாக நெய்த துணி. அந்த எண், ஓர் அங்குலத்தில் எத்தனை கட்டம் என்ற கணக்கு. எண் கூடக் கூடக் கட்டம் பொடிசாகும். ஆரம்பத்துக்கு 14 நல்லது. இரண்டு இழை நூல், 24-ஆம் எண் மொக்கைமுனை ஊசி.

துணி எவ்வளவு வாங்குவது என்பதும் இதிலேயே வந்துவிடும். படம் 112 கட்டம் அகலம், 84 கட்டம் உயரம் என்று வையுங்கள். 14-ஆல் வகுத்தால் 8 அங்குலம், 6 அங்குலம். நான்கு பக்கமும் சட்டம் போட மூன்று அங்குலம் விடவேண்டும். ஆக 14-க்கு 12 அங்குலத் துணி. அதே படத்தை 18-இல் போட்டால் அகலம் ஆறேகால் அங்குலத்துக்குள் அடங்கிவிடும், கண்தான் பிதுங்கும்.

பின்பக்கம் பார்த்தா அலங்கோலமா இருக்கு. பரவாயில்லையா?

சட்டம் போட்டு மாட்டுவதென்றால் யாரும் திருப்பிப் பார்க்கப் போவதில்லை. ஆனால் கைக்குட்டை, மேசை விரிப்புக்குப் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். முடிச்சுகள் முன்பக்கம் மேடாகத் தெரியும், துவைத்தால் அவிழும். ஆரம்பத்தில் முடிச்சுப் போடாமல் வாலைக் கொஞ்சம் விட்டு, அதன் மேலேயே தைத்து மூடுங்கள். முடிக்கும்போது பின்பக்கத் தையல்களுக்கு அடியில் ஊசியை நுழைத்து இழுத்து வெட்டுங்கள். இரண்டு இழை வேலையென்றால் இன்னும் சுலபம்: ஒரே இழையை இரட்டிப்பு நீளத்தில் எடுத்து மடித்துக் கோத்தால் நுனியில் கொக்கி மாதிரி ஒரு வளைவு வரும். முதல் தையலில் ஊசியை அந்த வளைவுக்குள் விட்டு இழுத்தால் பூட்டிக்கொள்ளும்.

பேனாவுல படம் வரைஞ்சேன், கோடு போகமாட்டேங்குது!

எந்தப் பேனா என்பதைப் பொறுத்தது. தண்ணீரில் கரையும் நீலப் பேனா என்றால் முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலச வேண்டும், அதற்குப் பிறகுதான் இஸ்திரி. சூடு முதலில் பட்டால் கோடு துணியில் நின்றுவிடும். ஊதா நிறத்தில் தானாக மறையும் பேனா நம் ஊர் ஈரக் காற்றில் சீக்கிரமே மறைந்துவிடும், ஒரே அமர்வில் முடிகிற வேலைக்குத்தான் அது.

சூட்டில் மறையும் பேனா, ஃப்ரிக்சியன் வகை, பலருக்குப் பிடிக்கும். 60 டிகிரியில் போய்விடும். ஆனால் மை துணியிலேயேதான் இருக்கிறது, நிறம் மட்டும்தான் போகிறது. உறைநிலைக்கு ரொம்பக் கீழே, ஏறக்குறைய கழித்தல் 10 டிகிரியில், கோடு திரும்பிவரும். கோலாலம்பூரில் கவலையில்லை. கனடாவில் இருக்கும் தங்கச்சிக்குச் செய்து அனுப்புகிறீர்கள் என்றால் பென்சிலால் மெலிதாக வரைந்து அதன் மேலேயே தைத்துவிடுங்கள்.

சட்டம் போட்டு மாட்டினது, கொஞ்ச நாள்ல பழுப்புப் புள்ளி விழுந்துடுச்சு. ஏன்?

நம் ஊர் ஈரம். துணியில் ஒட்டிய கை வியர்வை, எண்ணெய், சாப்பாட்டுப் பசை எல்லாம் பூஞ்சைக்கு விருந்து. அதனால் வேலை முடிந்ததும் கட்டாயம் அலச வேண்டும். குளிர்ந்த தண்ணீர், மென்மையான சோப்பு, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, பூத்துண்டின் மேல் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கம் இஸ்திரி. முழுக்கக் காய்ந்த பிறகுதான் சட்டம். கண்ணாடி துணியைத் தொடக்கூடாது. நடுவில் அட்டை இடைவெளி வைக்கச் சொல்லுங்கள். அமிலம் இல்லாத அட்டை என்று கேட்டு வாங்குங்கள், சாதா அட்டை நாளடைவில் துணியைப் பழுப்பாக்கும். குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் மாட்டாதீர்கள்.

பாதி வேலையை அப்படியே விட்டுப் போவதும் இதே வம்புதான். வளையத்தில் மாட்டிய துணியில் வட்டமாக அழுக்குக் கோடு விழும், குத்திவைத்த ஊசி துருப்பிடிக்கும். எழுந்திருக்கும்போதே வளையத்தைக் கழற்றி, ஊசியை ஊசிமெத்தைக்கு மாற்றுங்கள். துருக்கறை விழுந்தால், வெள்ளைப் பருத்தியாக இருந்தால் மட்டும், எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசலாம். முதலில் ஓரத்தில் சோதியுங்கள்.

பெட்டியில் வைக்கும்போது ஞெகிழிப் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள், பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். இன்னொன்று: பாச்சை உருண்டையையும் சூடத்தையும் ஒன்றாகப் போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இரண்டும் சேர்ந்தால் இளகி வழிந்து துணியைக் கறையாக்கும். ஏதாவது ஒன்று போதும், அதுவும் துணியைத் தொடாமல்.

அம்மாச்சி வீட்ல பழைய கறுப்பு சிங்கர் மெஷின் இருக்கு. இன்னும் ஓடுமா?

பெரும்பாலும் ஓடும். முதலில் சக்கரத்தைக் கையால் உங்கள் பக்கம் திருப்பிப் பாருங்கள். இறுகியிருந்தால் பலம் காட்டாதீர்கள். தையல் மெஷின் எண்ணெயை அசையும் இடங்களிலெல்லாம் சொட்டுச் சொட்டாக விட்டு ஓர் இரவு வையுங்கள், மறுபடி விடுங்கள். தேங்காயெண்ணெய் கூடவே கூடாது, காய்ந்து கோந்தாகிவிடும். மெஷின் இறுகியதற்கே பல வீடுகளில் காரணம் அதுதான். கால்மிதி மெஷினின் தோல்பட்டை நீண்டு தொளதொளத்திருக்கும். கொஞ்சம் வெட்டி மறுபடி கொக்கி போட்டால் போதும்.

அடுத்து பாபின், அடிநூல் சுற்றும் உருளை. வட்டமா, நீண்ட குச்சி மாதிரியா என்று பாருங்கள். வட்டமாக இருந்தால் கடையில் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் 15 வகையும் 66 வகையும் ஒன்றல்ல, பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். நீண்ட பாபின் என்றால் இருப்பதைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வயது தெரிய வேண்டுமா? அடித்தட்டில் பொறித்த எண்ணைப் பாருங்கள். ஆங்கில ஈ (E) எழுத்தில் தொடங்கி இன்னோர் எழுத்தும் ஆறு இலக்கமும் வந்தால் அது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது. அந்த ஆலை 1980-இல் மூடப்பட்டது.

அமெரிக்காவுல இருக்க அண்ணன் அவங்க மெஷினைத் தர்றேங்கிறாரு. இங்க போடலாமா?

நேராகச் செருகினால் புகைதான். அங்கே 120 வோல்ட், ஜப்பானில் 100, நமக்கு 230, 240. பிளக்கை மாற்றும் அடாப்டர் மின்னழுத்தத்தைக் குறைக்காது. மின்னழுத்தம் இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வேண்டும், மெஷினின் வாட்டைவிடப் பெரிதாக. அதை வாங்கிச் சுமப்பதற்கு இங்கேயே ஒரு சாதா மெஷின் வாங்கலாம். இந்தியாவிலிருந்து வருவது என்றால் பிளக் மட்டும்தான் பிரச்சினை.

இந்தச் சூட்டுக்குக் கில்ட் போர்வை யாருக்கு அக்கா?

ஏசி அறைக்கும் குளிரான கேமரன் மலைக்கும். சிரிப்புக்குச் சொல்லவில்லை: கில்ட் என்ற அந்த ஒட்டுத்துணிப் போர்வைகள் குளிர் தேசத்துக்கானவை, நடுவில் தடித்த பஞ்சு வைப்பார்கள். இங்கே அந்தப் பஞ்சு வேண்டாம். நடுவில் பழைய படுக்கை விரிப்போ மெல்லிய ஃபிளானலோ வைத்து ஓட்டுத் தையல் போடுங்கள். வங்காளத்துக் காந்தாவும் அப்படித்தான், பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையலிலேயே முடிப்பது. இலேசாக இருக்கும், மெஷினில் துவைக்கலாம், ஒரே வெயிலில் காயும். பஞ்சுப் போர்வை நம் மழைக்காலத்தில் காய இரண்டு நாளாகும், வாடை வேறு.

அம்மாவோட பழைய சேலையை வெட்ட மனசு வரல. வெட்டலாமா?

மனசு வரவில்லையென்றால் வெட்டாதீர்கள். முழுச் சேலையையும் மடித்து அடுக்கித் தைத்தாலே போர்வையாகிவிடும். வெட்டுவது என்று முடிவெடுத்தால் முந்தானையைக் கடைசி வரை தொடாமல் வையுங்கள்.

துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மடிப்பு மடிப்பாக இழை விட்டிருந்தால் அது தையலைத் தாங்காது. பின்னால் மெல்லிய பருத்தி வைத்துச் சேர்த்துத் தைக்கலாம். பழைய சுங்குடி, கைத்தறி நிறங்கள் சாயம் விடும், தனித்தனியாக அலசிப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் பிடிக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஏற்கெனவே சாயமேற்றிய துணியில் அது பலிக்காது. தண்ணீர் தெளியும்வரை அலசுவதுதான் வழி. தைத்த பிறகு வெள்ளையில் சிவப்பு இறங்கிவிட்டால் காயவிடாதீர்கள், இஸ்திரியும் போடாதீர்கள். ஈரத்தோடு ஈரமாக மறுபடி மறுபடி அலசுங்கள்.

வெட்டும்போது சரியா இருக்கு, தைச்சா மூலைக்கு மூலை சேரமாட்டேங்குது.

கத்தரியில் குறையில்லை, ஓரத் தையலில்தான். ஒட்டுத்துணிக்கு ஓரம் கால் அங்குலம், ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். சட்டைக்கு விடுவது போல ஒன்றரை சென்டிமீட்டர் இல்லை. நாலு அங்குலக் கட்டம் வேண்டுமானால் நாலரை வெட்ட வேண்டும். ஒவ்வோர் ஓரத்திலும் ஒரு மில்லிமீட்டர் கூடினால், பத்துக் கட்ட வரிசையில் இரண்டு சென்டிமீட்டர் காணாமல் போகும்.

ஒரு சோதனை: ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டை வெட்டிச் சேர்த்துத் தையுங்கள். நடுப்பட்டை சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெஷின் தட்டில் ஒரு டேப் ஒட்டி, சரியாக வரும்வரை நகர்த்துங்கள். பிறகு ஒரு வரிசையின் ஓரங்களை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் மடித்து இஸ்திரி போட்டால் மூலைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். மெஷின் ஊசி 75/11 அல்லது 90/14. துணி சுருங்கினாலோ டக் டக் என்று சத்தம் வந்தாலோ ஊசியை மாற்றுங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரங்க கைவேலைதானே? நம்மளோடது எங்க?

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகளை நினைத்துப் பாருங்கள். வானொலிப் பெட்டி மேல் கொக்கி ஊசியால் பின்னிய விரிப்பு, கதவுக்குப் பின்னிய திரை, மாவுச் சாக்கை வெளுத்துத் தைத்த தலையணை உறை, அதில் இரண்டு கிளி. அது நாட்டுப்புறக் கைவேலை இல்லாமல் வேறென்ன? வீட்டில் மிஞ்சியதை வைத்துச் செய்தார்கள். புதுத்துணியை வாங்கிக் கிழித்து, தேயிலைத் தண்ணீரில் நனைத்துப் பழசாக்கி 'கிராமிய பாணி' என்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்பும் கொண்டு போடும் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. படம் வரையாமல் இழையை எண்ணியே போடுவார்கள், போர்வையை இரண்டு பக்கமும் போர்த்தலாம். குறுக்குத் தையல் பழகியவர்களுக்கு அந்த எண்ணிக்கை உடனே பிடிபடும். இங்கேயே பார்க்க வேண்டுமானால் மெர்டேக்கா சதுக்கத்துக்குப் பக்கத்தில் தேசியத் துணி அருங்காட்சியகம் இருக்கிறது. பேராக்கின் தெக்காட் தங்கநூல் வேலையைக் கிட்டத்தில் நின்று பாருங்கள்: நூல் துணியைத் துளைத்துப் போகாமல், துணிமேல் வைத்த அச்சின் மேல் படுத்துக் கிடக்கும். பினாங்கு ஞோஞ்ஞா கெபாயா எனும் பெண்கள் மேல்சட்டையில் மெல்லிய வாயல் துணியில் மெஷினாலேயே பூப்போட்டு நடுவில் துளை வெட்டுவார்கள். கெபாயா 2024-இல் மலேசியா உட்பட ஐந்து நாடுகளின் பேரில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

பையன் கத்துக்கணும்ங்கிறான். ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?

நம் ஊர்த் தையற்கடைகளில் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? அனுப்பி வையுங்கள்.

செஞ்சதை விக்கலாமா? என்ன விலை வைக்கிறது?

விற்கலாம். தொடர்ந்து விற்பதென்றால் எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில்) தொழிலைப் பதிய வேண்டும், தொடங்கிய 30 நாளுக்குள். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), கடைப் பெயர் வைத்தால் 60. மிக்கி மவுஸ், பிரபலக் கார்ட்டூன் எல்லாம் தைத்து விற்காதீர்கள், உரிமை அவர்களுடையது. காசு கொடுத்து வாங்கிய வரைபடமாக இருந்தாலும் விற்பனைக்கு அனுமதி உண்டா என்று படித்துப் பாருங்கள்.

விலையில்தான் எல்லாரும் கூச்சப்படுகிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளி ஆனபோது மணிக்கு 8.72 வெள்ளி என்று கணக்கு வந்தது. 20 மணி நேரம் தைத்த மேசை விரிப்புக்குக் கூலி மட்டும் 174 வெள்ளி சொச்சம். அதை 50 வெள்ளிக்குக் கொடுத்தால் உங்களுக்கு மட்டும் நட்டமில்லை, பக்கத்தில் விற்கிறவருக்கும்தான். அந்த விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள் என்றால் இரண்டு மணி நேரத்தில் முடிகிற சின்னப் பொருளை விற்பனைக்கு வையுங்கள், பெரிய வேலையை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரங்க சும்மா செஞ்சு குடுன்னு கேக்குறாங்க. எப்படி வேணாம்னு சொல்றது?

வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. 'செய்துடலாம் அத்தை, நல்ல காட்டனா ரெண்டு மீட்டரும் நூலும் வாங்கிட்டு வந்துடுங்க' என்று சொல்லுங்கள். பாதிப் பேர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். மீதிப் பேர் பாலியஸ்டர் வாங்கிவருவார்கள். அவர்கள் கண் முன்னாலேயே நாலு இழை உருவிக் கொளுத்திக் காட்டுங்கள்.